கொழும்பு போர்டிங் அறையில் எனக்கு டிபி வந்தபோது

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளியைச் சோதித்துப் பாருங்கள். அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் அதற்கு ஒரு சதமும் வாங்க மாட்டார்கள். 2022 கடைசியில் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருந்தால் ஒன்றரை மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும். என்னோடு ஒரே அறையில் படுத்த பிள்ளைகளும் அத்தனை மாதம் என் இருமலைச் சுவாசித்திருக்க மாட்டார்கள். சொல்ல ஆளில்லை. டிபி என்கிற காசநோய் பழைய படங்களில் கதாநாயகனின் அம்மாவுக்கு வரும் வியாதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

எனக்கு ஊர் ஹற்றன் பக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்தத் துணிக் கடையில் பில் போடும் வேலை, சம்பளம் 42,000 ரூபா. கொட்டாஞ்சேனையில் போர்டிங். பத்துக்குப் பன்னிரண்டடி இருக்கும் அந்த அறையில் நான்கு பெண்கள், இரண்டு அடுக்குக் கட்டில். ஒரே ஒரு ஜன்னல், அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. நுளம்பு வருகிறது, சாரல் அடிக்கிறது என்று யாரோ முந்தி இருந்தவர்கள் அதில் பொலித்தீன் ஒட்டி ஆணி அடித்திருந்தார்கள். டெங்குவுக்குப் பயந்து அடைத்த ஜன்னல் அது. அந்தப் பயத்தையும் குற்றம் சொல்ல முடியாது, கொழும்பில் மழை விட்டால் டெங்கு வருவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டிபி பரவுவது காற்றில். நோயுள்ளவர் இருமும்போது வெளிவரும் கிருமி, காற்றோட்டம் இல்லாத அறையில் மணிக்கணக்காக மிதந்துகொண்டிருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் அது கலைந்துபோகும், வெயில் பட்டால் சாகும். அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்கு யாரிடமிருந்து தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கடையின் மேல்மாடி ஸ்டோரா, நெரிசல் பஸ்ஸா, அறையா, ஊரில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயமா? எங்கேயாகவும் இருக்கலாம் என்றார் டொக்டர். உலகத்தில் நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி உடம்புக்குள் உறங்கிக் கிடக்கிறதாம். அதில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் ஆயுளில் எப்போதாவது நோய் வரும். உடம்பு தளரும்போதுதான் அது எழும்பும். சரியான சாப்பாடு இல்லாமல் மெலிந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், புகைப்பவர்கள், அதிகம் குடிப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் சொன்னார். அதில் முதலாவதுக்கு நான் பொருந்தினேன். 2022 எப்படிப்பட்ட வருடம் என்று இலங்கையில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம், அதாவது ஒரு வருடத்துக்குள் சாப்பாட்டுச் சாமான் விலை ஏறக்குறைய இரட்டிப்பு. சம்பளம் அதே சம்பளம். வீட்டுக்கு அனுப்பும் காசைக் குறைக்க மனம் வரவில்லை, வாடகை குறையாது, ஆகவே வயிற்றில்தான் கை வைத்தேன். இரவுச் சாப்பாடு பனிஸும் ப்ளேன்டீயும் ஆனது. முட்டை ஒன்று 50 ரூபாவைத் தாண்டியதும் அதையும் விட்டேன். அறையில் எல்லோருமே அப்படித்தான் இருந்தோம், அதனால் நான் மெலிவது யார் கண்ணிலும் படவில்லை.

இருமல் தொடங்கியது நவம்பரில். முதலில் மழைக் குளிர் என்று கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். பிறகு பின்னேரங்களில் இலேசான காய்ச்சல், நடுச்சாமத்தில் தலையணை நனையும் அளவுக்கு வியர்வை. கடை ஏழு மணிக்கு மூடினால்தான் எனக்கு நேரம். அந்த நேரத்தில் திறந்திருப்பவை தனியார் டிஸ்பென்சரிகள் மட்டும்தான். அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை போகும், ஒரு நாள் போனால் அன்றைய சம்பளமும் வருகைக் கொடுப்பனவும் வெட்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் 1,800, 2,000 கொடுத்து டிஸ்பென்சரி மருந்து வாங்கினேன். ஒருவர் அலர்ஜி என்றார், ஒருவர் வீசிங் என்று முகத்தில் மாஸ்க் போட்டு ஆவி பிடிக்க வைத்தார், ஒருவர் காஸ்டிரிக்கினாலும் இருமல் வரும் என்றார். சிரப் போத்தல்கள் கட்டிலுக்கடியில் வரிசையாக நின்றன. கடைசியில் கடன் வாங்கி ஒரு பெரிய டொக்டரைச் சனல் பண்ணினேன், அதாவது தனியாரில் நேரம் எடுத்துக் காட்டினேன். இரத்தப் பரிசோதனை எழுதினார், மூச்சிழுக்கும் பம்ப் எழுதினார், லெவோஃப்ளொக்சசின் என்று ஒரு பலமான அன்டிபயோட்டிக்கும் எழுதினார்.

இந்த மருந்துப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைக் குடித்ததும் எனக்குக் காய்ச்சல் விட்டது, இருமலும் பாதியானது. ஆண்டவனே என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று கிழமைக்குள் எல்லாம் பழையபடி திரும்பியது. பிறகுதான் தெரிந்தது, அந்த வகை அன்டிபயோட்டிக் டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும், ஆனால் தனியாக நோயை முழுதாகக் குணமாக்காது. அதனால் நோய் மறைந்து நின்று கண்டுபிடிப்பது பிந்தும், கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகவும் இடமுண்டு. நாள்பட்ட இருமலுக்கு அப்படி ஒரு மருந்து எழுதினால், "டொக்டர், சளி டெஸ்ட் ஒன்று செய்துவிட்டுக் குடிக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

என்னைக் காப்பாற்றியவர் ஜிந்துப்பிட்டிப் பக்கம் ஒரு பாமசியில் நிற்கும் அண்ணன். திரும்பவும் அதே மருந்துக் கார்டை நீட்டியபோது அவர் அதை வாங்காமல் என் முகத்தையே பார்த்தார். "தங்கச்சி, இந்த இருமலோட எத்தனை மாசமா வந்து போறீங்க? இனி நான் மருந்து தர மாட்டேன். செஸ்ட் கிளினிக் போய் சளியைக் காட்டுங்க, காசு கேக்க மாட்டாங்க" என்றார். கோபம்தான் வந்தது. அன்றிரவு துப்பியதில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு தெரிந்தபோது கோபம் போய்விட்டது.

ஒவ்வொரு மாவட்டத்திலும் மார்பு நோய் கிளினிக் இருக்கிறது. யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம், அடையாள அட்டை மட்டும் போதும். சளிக்கு ஒரு சின்னப் போத்தல் தருவார்கள். அங்கேயே ஒரு தடவை, மறுநாள் காலை எழுந்தவுடன் ஒரு தடவை கொடுக்க வேண்டும். எனக்கு யாரும் சரியாக விளக்காததால் சொல்கிறேன்: எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பலனில்லை. வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்செடுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுக்க வேண்டும். கெட்டியாக, மஞ்சளாக வருவதுதான் சளி. அதை அறைக்குள்ளோ பொதுக் குளியலறைக்குள்ளோ செய்யாதீர்கள், வெளியே காற்றாடும் இடத்தில் நின்று செய்யுங்கள். எக்ஸ்ரேயும் அங்கேயே எடுத்தார்கள்.

முடிவு சொன்ன நாளில் பக்கத்தில் யாரும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் டொக்டர் சிங்களத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், கடையில் நாள் முழுக்கப் பேசுவதே அதுதான். ஆனால் அன்று ஒரு சொல்லும் மண்டையில் ஏறவில்லை. "ஆறு மாதம்" என்பது மட்டும் கேட்டது. ஆறு மாதம்தான் உயிரோடு இருப்பேன் என்கிறாரா, ஆறு மாதம் மருந்து குடிக்கச் சொல்கிறாரா என்று பிரித்துப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் வெளியே வந்து பெஞ்சில் இருந்து அழுதேன். கிளினிக் மிஸ் ஒருவர் வந்து தமிழிலேயே, "பயப்பட வேணாம், மருந்த விடாம குடிச்சா முழுசா சுகமாகும்" என்று சொல்லி அலுமாரியிலிருந்து தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றை எடுத்துத் தந்தார். அலுமாரிக்குள் இருந்திருக்கிறது, கேட்டால்தான் வெளியே வரும். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதுவரை எனக்கு ஆன செலவைப் பிறகு ஒருநாள் கூட்டிப் பார்த்தேன், 63,000 சொச்சம். கிளினிக்கில் அன்றும் அதற்குப் பிறகும் ஒரு ரூபா கொடுக்கவில்லை. டிபியில் காசைத் தின்பது நோய் பிடிபடும்வரை அலையும் அலைச்சலும், பிடிபட்ட பின் போகும் சம்பளமும்தான்.

தொற்றாமல் ஆகும்வரை, முதல் இரண்டு கிழமைக்காவது, தனியாக இருக்கச் சொன்னார்கள். எங்கே தனியாக இருப்பது? ஊரில் லயத்து வீட்டில் அக்காவின் கைக்குழந்தையும் அம்மம்மாவும் இருக்கிறார்கள். அங்கே போகவே வேண்டாம், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஆபத்து என்றார் டொக்டர். தனி அறை என்ற ஒன்று நான் பிறந்ததிலிருந்து எனக்கு இருந்ததில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கில் கொழும்பு நகருக்குள் மட்டும் 68,000க்கும் அதிகமான குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில், நாங்கள் தோட்டம் என்று சொல்லும் இடங்களில் இருந்தன. போர்டிங் அறைகளில் அடைந்து கிடக்கும் எங்களைப் போன்றவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. தனியாக இருங்கள் என்ற அறிவுரை இந்த நகரத்தில் எத்தனை பேருக்குப் பொருந்தும்?

அறைப் பிள்ளைகளுக்கு அன்றிரவே சொன்னேன். காரணம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து எல்லோரையும் சோதனைக்குக் கூப்பிடுவார் என்று மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். மோட்டார் சைக்கிளில் ஓர் அதிகாரி வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்டபிறகு விளக்கம் சொல்வதை விட, நம் வாயால் முதலில் சொல்வது எவ்வளவோ மேல். ஒருத்தி மூட்டை கட்டிக்கொண்டு அன்றே சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருத்தி என் கோப்பையையும் பிளேட்டையும் தனியாக எடுத்து வைத்தாள். கோப்பையால் இது பரவாது, உடுப்பால் பரவாது, தொட்டால் பரவாது என்று துண்டுப்பிரசுரத்தைக் காட்டியும் கேட்கவில்லை. மூன்றாமவள் ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து ஜன்னல் பொலித்தீனை அறுத்தாள். போர்டிங் அன்ரி போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டுப் பின்வளவில் இருந்த சாமான் அறையை ஒதுக்கித் தந்தார், வாடகையில் ஒரு ரூபாவும் குறைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த அறை அது. அந்த வீட்டிலேயே காற்றோட்டமான அறை பழைய கதிரைகளுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது! பிள்ளைகள் மூவரும் சோதனைக்குப் போனார்கள், யாருக்கும் நோய் இல்லை.

கடையில் நடந்ததை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். கிளினிக் கொடுத்த கடிதத்தைக் காட்டியதும் முதலாளி, "சுகமாகிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் சம்பளமில்லை. எனக்கு நியமனக் கடிதமும் இல்லை, ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வருடாந்த லீவு 14 நாளும் சொந்த லீவு 7 நாளும் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. புறக்கோட்டையில் வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன்: சுகமாக இருக்கும்போதே நியமனக் கடிதத்தையும் ஈபிஎஃப் இலக்கத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். படுக்கையில் கிடந்துகொண்டு தொழில் திணைக்களத்துக்கு அலைய முடியாது. ஒரு நாள் லீவு சம்பளத்தோடு கிடைத்திருந்தால் நான் டிசெம்பரிலேயே ஓபிடிக்குப் போயிருப்பேன் என்பது மட்டும் நிச்சயம்.

மருந்தைச் சுகாதார ஊழியர் ஒருவர் நேர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருக்க விழுங்க வேண்டும், தினமும். அதற்கு முதலில் போட்டுத் தந்த இடம் நான் வேலைக்குப் போகும் வழிக்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. வேலைக்குத் திரும்பியபின் பிந்திப் பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன். வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ பக்கத்தில் உள்ள அரசாங்க மருந்தகத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் செய்து தருவார்கள். நிறையப் பேர் இடைநடுவில் மருந்தை விடுவது சோம்பலில் இல்லை, இந்த நேரச் சிக்கலில்தான். விட்டால் மருந்துக்கு அடங்காத டிபியாக மாறக்கூடும், அதற்குப் பிறகு சிகிச்சை நீளலாம், கடுமையாகவும் இருக்கும்.

என் நிறை அப்போது 41 கிலோ. நிறைப்படி மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. முதல் நாளே சலம் செம்மஞ்சளாகப் போனது. பொதுக் கழிவறையில் அதைப் பார்த்து இரத்தம் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது. கண்ணீர், வியர்வைகூட அப்படியாகலாம், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியவை வேறு. கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, சாப்பாட்டையே பார்க்க முடியாமல் போவது ஈரல் பாதிப்பின் அடையாளம். சிவப்பும் பச்சையும் மங்கித் தெரிந்தால் கண் நரம்பில் கோளாறு. இவற்றுக்கு அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல் அன்றே போக வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும். இதை யாரும் கேட்கவும் மாட்டார்கள், நாமும் வெட்கத்தில் சொல்ல மாட்டோம்.

இன்னொன்று மீன். ஒரு நாள் மத்தியானம் கடைப் பார்சல் சோற்றில் பலயா மீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகவில்லை, முகமும் கழுத்தும் கொதித்துச் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலி, நெஞ்சு படபடவென்று அடித்தது. செத்தேன் என்றுதான் நினைத்தேன். ஐசில் சரியாக வைக்காத பலயா, கெலவல்லா போன்ற மீன்களில் ஹிஸ்டமின் ஊறும், சாதாரணமாக உடம்பு அதை உடைத்துவிடும், டிபிக்குக் குடிக்கும் ஐசோனியாசிட் அந்த உடைப்பைத் தடுத்துவிடும் என்று கிளினிக்கில் விளக்கினார்கள். இலங்கை டொக்டர்களுக்கு இது பல வருடங்களாகத் தெரிந்த விஷயமாம். மலிவான பார்சலில் கிடைக்கும் மீனே அதுதான் என்பது எங்கள் துரதிர்ஷ்டம். சிகிச்சை முடியும்வரை அந்த இரண்டையும் தொடாதீர்கள்.

நன்றாகச் சாப்பிடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். எதைக் கொண்டு என்று யாரும் சொல்லவில்லை. சமூக சேவைத் திணைக்களத்தின் வழியாகக் காசநோயாளிகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்க வேண்டும், கிளினிக் கடிதமும் கிராம சேவகர் உறுதிப்படுத்தலும் வேண்டும். என் வதிவிடம் ஹற்றனில், நோய் கொழும்பில். கிராம சேவகரிடம் பதிவு இல்லாத போர்டிங்காரர்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் விழுந்துவிடுவார்கள். நான் விழுந்தேன். 2023 ஓகஸ்டில் வெளிவந்த ஓர் ஆய்வைப் பின்னர் வாசித்தேன். இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் டிபி நோயாளிகளின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருக்கிறது. ஊசியும் இல்லை, டிபி மருந்தும் இல்லை, உலருணவும் சத்து மாத்திரையும்தான். இங்கிலாந்தில் 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி மருந்து வரும் முன்பே டிபி மரணங்கள் பெரும்பகுதி குறைந்துவிட்டன. அதற்குச் சாப்பாடும் வீடும் காரணமா, நோயாளிகளை சானட்டோரியத்தில் தனியாக வைத்தது காரணமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால், முட்டையும் ஜன்னலும் இருந்திருந்தால் என் உடம்பில் தூங்கிய கிருமி தூங்கியபடியே இருந்திருக்கும் என்பேன்.

நமது நாட்டின் சுகாதாரத்தை வெளியார் மெச்சுவார்கள். இலவச வைத்தியம், 99 சதவீதத்துக்கும் மேல் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில், பிறந்தவுடன் பிசிஜி ஊசி. எல்லாம் உண்மை, எனக்கும் அந்த ஊசித் தழும்பு கையில் இருக்கிறது. அந்த ஊசி குழந்தைகளுக்கு வரும் கடுமையான டிபியைத் தடுக்கும், பெரியவர்களின் நுரையீரலுக்கு வருவதை அவ்வளவாகத் தடுக்காது. வருடத்துக்கு 8,000 பேருக்கு மேல் இங்கே டிபி பதிவாகிறது, மாவட்டங்களில் கொழும்புதான் முன்னுக்கு. பணக்காரர்களின் கறுவாத்தோட்டத்தையும் ஏழைகளின் வனாத்தமுல்லையையும் கூட்டிச் சராசரி பார்த்தால் நகரம் நன்றாகத்தான் இருக்கிறது.

மருந்து முடிந்து சளி சுத்தம் என்று எழுதித் தந்தார்கள். நிறையும் கூடிவிட்டது. இப்போது வேறு கடையில் வேலை, நியமனக் கடிதத்தோடு. மிச்சம் இருப்பது எக்ஸ்ரேயில் வலது பக்கம் மேலே ஒரு தழும்பு. கட்டாருக்குப் போகும் யோசனை எனக்கு இருந்தது, ஏஜென்சியில் கேட்டேன். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் பழைய டிபி தழும்பு தெரிந்தாலே தள்ளிவிடுவார்களாம், சுகமான கடிதம் இருந்தாலும் சரி. மெடிக்கலுக்கும் ஏஜென்சிக்கும் காசு கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற நாடுகளின் விசா மெடிக்கலில் சிகிச்சை முடித்த பதிவைக் கேட்பார்கள். ஆகவே சிகிச்சை அட்டை, முதல் எக்ஸ்ரே, கடைசி எக்ஸ்ரே, சளி ரிப்போர்ட் எல்லாவற்றையும் கிளினிக்கில் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். போனிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், போர்டிங் மாறும்போது முதலில் தொலைவது இந்தக் கடதாசிகள்தான்.